சிறுவர் குதிரையேற்ற, வெளிக்கள வாழ்வுப் பயிற்சி முகாம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிருவாக சபை உறுப்பினர்களே, பெற்றோர்களே, அங்கத்தவர்களே,

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் எமக்கு ஒப்படைத்த பணிகளுள் முதன்மையானது, பாடசாலைகளின் இரண்டாம் தவணை விடுமுறையில் எமது கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அயற்கிராமங்களின் பிள்ளைகளுக்கும் குதிரையேற்றத்தையும் வெளிக்கள வாழ்வுத் திறன்களையும் பழக்கும் முகாமை நடத்துவதாகும். நிருவாக சபை மாதந்தோறும் கூடியது. கூட்டக்குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன. வாசிகசாலைக் கூரைத் திருத்தமும் கார்த்திகை மாத மரநடுகையும் நிறைவேறின. கணக்குகளைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே இவ்வறிக்கையை முகாமுக்கே ஒதுக்க அனுமதி வேண்டுகின்றேன்.

காடும் குளமும் வயலும் சூழ்ந்த வன்னியில் பிறந்த பிள்ளைக்கு வெளியில் வாழப் பழக்கிக்கொடுக்க ஒரு சங்கம் வேண்டுமா என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் சென்ற கூட்டத்தில் கேட்டார். அது நியாயமான கேள்வி. அவருடைய தலைமுறையினர் பட்டி மாடுகளுக்குப் பின்னால் நடந்தும், தேனெடுக்கப் போனவர்களோடு கூடப்போயும், வயற்காவலுக்குப் பரணில் விழித்திருந்தும் காட்டைக் கற்றுக்கொண்டார்கள். போர் முடிந்த 2009 இற்குப் பின்னர் மீள்குடியேறிய குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த அவர்களுக்கு, பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பதே தாய் தந்தையர் சொல்லிக்கொடுத்த முதற் பாடமாக இருந்தது. அந்தப் பாடம் உயிர்களைக் காத்தது. அதைச் சொன்ன பெற்றோரை எவரும் குறை கூற முடியாது. ஆயினும், நிலம் துப்புரவாக்கப்பட்டுக் கையளிக்கப்பட்ட பின்னரும் அச்சம் மாத்திரம் எஞ்சி நிற்க, அந்நிலத்தைப் பற்றிய அறிவு பிள்ளைகளிடம் வந்து சேராமற் போவது பேரிழப்பாகும். ஊர்க்குளத்தில் நீர் திறந்துவிடும் துருசு எது, மிகுநீர் வழியும் வான் எது என்று காட்டத் தெரியாத ஒன்பதாம் தரப் பிள்ளைகள் எம்மிடையே உள்ளனர் என்பதை முகாமின் முதல் நாளிலேயே கண்டோம். தம் ஊரின் நிலத்தில் அறிவோடு கால்வைக்கப் பிள்ளைகளைப் பழக்குவதே இம்முகாமின் நோக்கம் என்பதை அந்த ஐயாவுக்கும் இச்சபைக்கும் தெரிவிக்கின்றேன்.

இக்காரணத்தால் முகாமுக்குரிய இடத்தைத் தெரிவதிலேயே எமக்கு மிகுந்த காலம் சென்றது. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. கண்ணிவெடிகளை முற்றாக அகற்றுவதற்கு அந்த உடன்படிக்கையின்படி உரிய காலக்கெடு 2028 ஜூன் ஆகும். அதாவது, வேலை இன்னும் முடியவில்லை. முகமாலைப் பக்கத்தில் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்து வெடிபொருள் எடுத்த பணியாளர்கள் பலர், பெண்கள் உட்பட, எமது ஊர்களைச் சேர்ந்தவர்களே. அத்தகைய அனுபவமுள்ள தாய் ஒருவர் எமது இடத்தெரிவுக் குழுவில் இருந்தது எமக்குக் கிடைத்த பேறு. குளத்தின் அலைகரைக்கு மேலேயுள்ள மேட்டுநிலத்தையும், நிழல் நிறைந்த இன்னொரு காட்டோர நிலத்தையும் பார்த்தோம். இரண்டாவது நிலம் அழகானது. ஆனால் அதற்குரிய கையளிப்புப் பத்திரத்தை எவராலும் எமக்குக் காட்ட முடியவில்லை. மாடுகள் அங்கே பல வருடங்களாக மேய்கின்றன என்று சிலர் சொன்னார்கள். மாடு மேய்ந்தது நிலத்துக்குச் சான்றிதழ் ஆகாது என்று அந்தத் தாய் உறுதியாகக் கூறினார். குழுவும் அதனை ஏற்றுக்கொண்டது. துப்புரவாக்கப்பட்டதாக ஆவணமுள்ள மேட்டுநிலத்தையே பயன்படுத்தினோம். எல்லையை வெள்ளைக் கயிற்றினால் அடைத்தோம். அறியாத பொருளைக் கண்டால் தொடாமல், கிட்டப் போகாமல், வந்த வழியே திரும்பி வந்து பெரியவரிடம் அறிவிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தன் வாயால் சொல்லிக் காட்டிய பின்னரே முகாமின் ஏனைய வேலைகள் தொடங்கின.

காலத்தைத் தெரிவதும் இலகுவாக இருக்கவில்லை. ஆகஸ்ட் 15 மடு மாதாவின் திருவிழா. எமது கத்தோலிக்கக் குடும்பங்கள் அதற்கு முன்னரே மடுவுக்குப் போய்த் தங்குவார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் சைவக் குடும்பங்களும் உண்டு. சிறுபோக வெட்டு நடக்கும் இடங்களில் பெற்றோருக்கு ஓய்வில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் சுமை வேறு. இவை யாவற்றையும் எண்ணி, ஆறாம் தரம் முதல் பத்தாம் தரம் வரையான பிள்ளைகளை மட்டும் சேர்த்து, மடுத் திருவிழாவுக்கு அடுத்த வாரத்தில் முகாமை வைத்தோம். சோளகக் காற்று பலமாக வீசும் காலம் அது. புழுதியும் வெயிலும் கடுமையாக இருந்தமையால் குதிரையோடு செய்யும் வேலைகள் யாவும் காலை எட்டரைக்கு முன்னரும் மாலை நான்கரைக்குப் பின்னரும் நடந்தன. மாரி தொடங்கிவிட்டால் குதிரைக்கும் பிள்ளைக்கும் சேறே மிஞ்சும். ஆதலால் காற்றைப் பொறுத்துக்கொண்டு ஆகஸ்டிலேயே நடத்துவது சரி என்பது எனது எண்ணம்.

இனிக் குதிரைகளைப் பற்றிக் கூறுகின்றேன். வன்னிக்கு மாடு தெரியும், எருமை தெரியும், குதிரை பழக்கமில்லை. நெடுந்தீவுக் குதிரைகளைக் கொண்டுவரலாமே என்று பலர் யோசனை கூறினர். போர்த்துக்கேயர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் அக்குதிரைகள் இன்று அத்தீவின் வெளிகளில் கட்டற்று வாழ்கின்றன. தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அவை அங்கேயே, தம் கூட்டத்தோடு இருக்க வேண்டியவை. மன்னார்ப் பட்டினத்துக் கழுதைகளைப் பற்றியும் பேசப்பட்டது. கழுதையைப் பராமரிக்கப் பழகுவது நல்ல பயிற்சியே என்றாலும், பத்தாம் தரப் பிள்ளையை அதன் முதுகில் ஏற்றுவது தகாது. ஈற்றில், சிறுவரை ஏற்றிப் பழகிய நான்கு மட்டக்குதிரைகளை வெளிமாவட்டத்து உரிமையாளர் ஒருவரிடமிருந்து வாடகைக்குப் பெற்றோம். கால்நடை வைத்தியரின் உடல்நலச் சான்றிதழுடன் அவை லொறியில் இரவுப் பயணமாக வந்தன. பகல் வெயிலில் ஏ-9 வீதியில் அவற்றை ஏற்றிவர வேண்டாமென்பது வைத்தியரின் கண்டிப்பான ஆலோசனை.

முதலிரு நாள்களும் எந்தப் பிள்ளையும் குதிரையில் ஏறவில்லை. இதனால் ஏமாற்றமடைந்த பிள்ளைகளும், தொலைபேசியில் முறையிட்ட பெற்றோரும் உண்டு. ஆயினும் அடுத்த முகாமிலும் இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது என்று நிருவாக சபையைக் கேட்டுக்கொள்கின்றேன். குதிரை இரையாகும் விலங்கினத்தைச் சேர்ந்தது. சத்தத்துக்கும் திடீர் அசைவுக்கும் ஓடியே உயிர் தப்பிப் பழகியது. அதன் கண்கள் தலையின் இருபுறத்திலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிவரப் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மாத்திரம் அதற்குப் பார்வை இல்லை. அந்த இரண்டு இடங்களிலிருந்தும் அணுகுகின்ற பிள்ளைதான் உதை வாங்கும். ஆகவே தோளின் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டு அணுக வேண்டும் என்பதே முதற் பயிற்சி. காது முன்னோக்கி நின்றால் கவனிக்கின்றது, பின்னோக்கிப் படிந்தால் எச்சரிக்கின்றது என்பதையெல்லாம் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக் குறித்தார்கள். வகுப்பில் உரத்துப் பேசிப் பழகிய பையன்கள் கிட்டப் போனபோது குதிரைகள் விலகி நின்றன. எவரும் அவர்களைக் கண்டிக்கவில்லை. மாலைக்குள் அவர்களுடைய குரல் தானாகவே இறங்கியது. ஒரு பிள்ளையை இப்படி அதட்டலின்றித் திருத்தக்கூடிய ஆசிரியர் எமக்கு வேறு கிடைப்பது அரிது. குதிரைக்காக இவ்வளவு செலவு ஏன் என்று கேட்பவர்களுக்கு எனது மறுமொழி அதுதான்.

பராமரிப்புப் பயிற்சி விரிவாக நடந்தது. உடம்பைப் பிரஷ் கொண்டு தேய்த்துச் சுத்தமாக்குதல், நான்கு குளம்புகளையும் தூக்கி உள்ளே சிக்கிய கல்லையும் சாணத்தையும் கொக்கியால் எடுத்தல், உண்ணி பார்த்தல், இழுத்தவுடன் அவிழும் முடிச்சுப் போட்டுக் கட்டுதல் ஆகியவற்றை ஆறு பிள்ளைகளுக்கு ஒரு குதிரை என்ற கணக்கில் சுழற்சியாகச் செய்தார்கள். குதிரைச் சாணத்திலும் மண்ணிலும் ஏற்புவலிக் (டெட்டனஸ்) கிருமி இருக்கக்கூடும் என்பதால், தடுப்பூசிப் பதிவுகளை முன்கூட்டியே பார்வையிட்டோம். சாணம் முழுவதையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் வீட்டுத்தோட்டங்களுக்கு எடுத்துச் சென்றனர்.

கணித ஆசிரியை ஒருவர் தையல் நாடாவுடன் வந்து நடத்திய பாடத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் அளந்து, அதனை அதனாற் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையான நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் குதிரையின் நிறை ஏறத்தாழக் கிலோகிராமில் வரும். சுற்றளவு 145, நீளம் 140 என்றால் நிறை ஏறக்குறைய 248 கிலோகிராம். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான விதி. எமது வெயிலில் அதற்கும் குறைவாக ஏற்றுவதே நல்லது. ஆகவே அத்தகைய குதிரையில் சேணம் போக நாற்பது கிலோகிராம் அளவான பிள்ளையே ஏறலாம். பிள்ளைகள் தாங்களே தமது நிறையை அளந்து, எந்தக் குதிரையில் எவர் ஏறலாம் என்ற பட்டியலைத் தயாரித்தனர். நிறை கூடிய இரு பிள்ளைகள் சவாரி செய்யாமல், கயிறு பிடித்து நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டனர். முகாம் முடிவில் குதிரையைக் கையாள்வதில் அவர்களே மிகத் தேர்ந்தவர்களாக இருந்தார்கள் என்று பயிற்றுநர் எழுதியுள்ளார்.

சுகாதார பாடமும் குதிரையைக் கொண்டே நடந்தது. ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவை துடிக்கும். இடது முழங்கைக்குப் பின்னால் காதை வைத்துக் கேட்டுக் கணக்கிட்ட பிள்ளைகள், தமது நாடியையும் எண்ணி இரண்டையும் ஒப்பிட்டார்கள். சவாரி முடிந்ததும் துடிப்பு எவ்வளவு நேரத்தில் இறங்குகின்றது என்பதைக் குறித்து, இறங்காத வரை அடுத்த பிள்ளையை ஏற்றவில்லை.

மூன்றாம் நாள் முதல் சவாரி நடந்தது. தலைக்கவசமின்றி எவரும் ஏறக் கூடாது, குதியுள்ள சப்பாத்தின்றி எவரும் ஏறக் கூடாது என்ற இரண்டிலும் நாம் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. செருப்புக் காலும் தட்டையான கன்வஸ் சப்பாத்தும் அங்கவடிக்குள் முழுவதாக நுழைந்துவிடும். விழும்போது கால் சிக்கினால் குதிரை பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும். குதியுள்ள பாடசாலைச் சப்பாத்து இதற்குப் போதுமானது. இல்லாதவர்களுக்கு அயலவர் பிள்ளைகளின் சப்பாத்தை இரவல் வாங்கிக் கொடுத்தோம். இடப்பக்கமாக ஏறுதல், நிமிர்ந்து அமர்தல், குதியைத் தாழ்த்தி வைத்தல், கடிவாள வாரை இறுக்கிப் பிடிக்காமல் குதிரையின் வாயை உணர்தல், நிறுத்துதல், திருப்புதல் ஆகியவற்றோடு பெரும்பாலானவர்களின் பயிற்சி முடிந்தது. கயிறின்றித் தனியே நடை ஓட்டியவர்கள் சிலர்; மெல்லோட்டம் வரை போனவர்கள் மிகச் சிலர். அந்த அளவே இந்த வயதுக்கும் இந்தக் காலத்துக்கும் போதுமானது. ஒரு பிள்ளை மெல்லச் சரிந்து மணலில் விழுந்தது; காயமில்லை; வைத்தியசாலையில் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டோம்.

தீவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முகாமில் எமக்கு ஏற்பட்ட கவலையும் அதனோடு தொடர்புடையது. மாட்டுக்கு நான்கு அறையுள்ள இரைப்பை. வைக்கோலையும் தவிட்டையும் கொண்டு அது காலம் தள்ளும். குதிரையின் இரைப்பை சிறியது. அது நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேய வேண்டிய விலங்கு. அதனால் வாந்தியெடுக்கவும் இயலாது. ஆகவே தவறான உணவு உள்ளே போனால் குடலில் நின்று வலியாகி உயிருக்கே ஆபத்தாகும். காய்ந்த வைக்கோலை மட்டும் கொடுத்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். பால்மாட்டுக்கு நட்டிருக்கும் கோ-3 புல்லில் கல்சியத்தைப் பிடித்துவைக்கும் ஒட்சலேற்று என்னும் பொருள் உண்டு. தொடர்ந்து அதையே கொடுத்தால் குதிரையின் எலும்பிலுள்ள கல்சியம் குறையும். தவிட்டில் பொசுபரசு மிகுதி என்பதால் அந்தக் குறைவு மேலும் கூடும். எனவே வாய்க்கால் ஓரத்து அறுகம்புல்லை அறுத்துச் சுத்தமாக்கிக் கொடுப்பதே முதன்மைத் தீவனமாயிற்று. அதற்காக விடியற்காலையில் அரிவாளுடன் வந்த கமக்காரர் அமைப்பின் இளைஞர்களுக்கு இச்சபையின் நன்றி உரியது. ஆனையிறவு உப்பை ஒரு பெட்டியில் வைத்து நக்கவிட்டோம். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 50 லீற்றர் வரை தண்ணீர் தேவைப்பட்டது. பவுசர் தண்ணீரை முதலில் முகர்ந்துவிட்டு ஒதுங்கிய குதிரைகள், கிணற்றுத் தண்ணீரை விரும்பிக் குடித்தன.

பெற்றோர் பார்வையிட வந்த மாலையில் அன்பு மிகுதியால் சிலர் பாணும் சோறும் வாழைப்பழமும் வேலிக்கு மேலாகக் கொடுத்துவிட்டனர். அன்றிரவு ஒரு குதிரை முன்காலால் நிலத்தைப் பறித்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரண்டது. இரவுக் காவலில் இருந்த பத்தாம் தர மாணவி அவ்வறிகுறிகளைக் கண்டு உடனே எழுப்பினாள். பகலில் கற்றதை அவள் சரியாக நினைவில் வைத்திருந்தாள். கால்நடை வைத்தியர் இரவோடிரவாக வந்து மருந்து கொடுத்தார். விடியும் வரை குதிரையை மாறி மாறி நடத்தினோம். காலையில் சாணம் இட்டதும் முகாம் முழுவதும் மகிழ்ந்தது. இனிமேல் பார்வையாளர் வேலி ஒன்றும் குதிரை வேலி ஒன்றும் தனித்தனியே, கை எட்டாத தூரத்தில் அமைக்கப்படும். அழைப்புக் கடிதத்திலும் இதனை முன்னறிவித்தலாகச் சேர்ப்போம்.

வெளிக்கள வாழ்வுத் திறன்களைக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் எமது ஊரவர்களே. பட்டி மாடு வளர்த்த பெரியவர் ஒருவர் கொட்டில் கட்டுவதைச் சொல்லிக்கொடுத்தார். ஒதுக்கக் காட்டில் பச்சை மரம் வெட்டுவதில்லை என்ற விதியோடு, அங்கத்தவர்கள் தந்த தடிகளையும் கிடுகுகளையும் கொண்டு பிள்ளைகள் தங்கள் கொட்டில்களை வேய்ந்தார்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும் என்பதால் வாசலை எந்தத் திசைக்கு வைப்பது என்பதை அவர்களே விவாதித்து முடிவெடுத்தனர். அக்காற்றில் திறந்த நெருப்பு காட்டையே பற்றவைக்கும். ஆதலால் முழங்கை ஆழக் குழி வெட்டி, சுற்றிவரச் சருகு கூட்டி அகற்றி, தண்ணீர் வாளி அருகில் இருந்தால் மட்டுமே அடுப்பு மூட்டப்பட்டது. காய்ந்த பனையோலையில் பிடித்து, பாலை விறகில் நின்றெரியும் அந்தக் குழியடுப்பில் குரக்கன் ரொட்டியும் சம்பலும் குளத்து மீன் குழம்பும் சமைத்தார்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி. கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளிய வைப்பதைப் பாட்டி ஒருவர் செய்துகாட்டினார். தெளிந்த நீர் கிருமியற்ற நீராகாது, கொதிக்க வைத்த பின்னரே குடிக்க வேண்டும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தொடர்ந்து விளக்கினார். பாட்டியும் பரிசோதகரும் ஒரே பானைக்கு அருகில் நின்று கற்பித்த அந்த நேரம் முகாமின் மிகச் சிறந்த பாடங்களுள் ஒன்று.

திசையறியும் பாடத்தில் எமது நிலத்துக்கே உரிய ஒன்றைப் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். குளிர்நாட்டவருக்காக எழுதப்பட்ட கைந்நூல்கள், நண்பகலில் நிழல் வடக்கே விழும் என்று கூறும். வன்னி வட அகலாங்கு 9 பாகையளவில் உள்ளது. ஏப்ரில் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகற் சூரியன் எமக்குச் சற்று வடக்கே நிற்கும். ஒரு மீற்றர் தடியை நட்டுப் பார்த்தபோது, 12.10 மணியளவில் நிழல் ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்குக் குறுகித் தெற்கே கிடந்தது. நிழலின் நுனி மேற்கிலிருந்து கிழக்கே நகர்வதை அடையாளமிட்டு, கிழக்கு மேற்குக் கோட்டை வரைந்தார்கள்; நண்பகலை ஒட்டி அடையாளமிட்டால் அது எந்த மாதத்திலும் பெரிதாகப் பிழைக்காது. இரவில் குளக்கட்டில் ஏறித் துருவ நட்சத்திரத்தைத் தேடினோம். எமது ஊரில் அது அடிவானத்திலிருந்து ஒன்பது பாகை உயரத்திலேயே நிற்பதால் காட்டுக்குள் நின்றால் மரங்கள் மறைத்துவிடும். வடக்கே திறந்த நீர்ப்பரப்பு இருந்தமையால் கட்டிலிருந்து காண முடிந்தது. தெற்கே விருச்சிகம் உயரத்தில் தெளிவாக நின்றது. காட்டுக்குள் அதை நம்புவதே எளிது.

காட்டுவிலங்குகளைப் பற்றிய பயிற்சி அச்சமூட்டுவதாகவும் இருக்கக் கூடாது, அலட்சியம் ஊட்டுவதாகவும் இருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தோம். பாலைப்பழக் காலத்தில் கரடி அந்த மரங்களைத் தேடிவரும்; ஆகஸ்டில் பழம் பெரும்பாலும் முடிந்திருந்தாலும், விடியலிலும் பொழுதுபடும் வேளையிலும் பாலை மரங்களுக்குக் கீழே போக அனுமதிக்கவில்லை. குளத்தில் முதலை உண்டு. குளிப்பும் குதிரை கழுவலும் கிணற்றடியிலேயே நடந்தன. யானைச் சாணத்தின் ஈரத்தைப் பார்த்து, அது கடந்துபோன நேரத்தை மதிப்பிடுவதைப் பெரியவர் கற்பித்தார்.

எல்லாவற்றிலும் கூடிய நேரத்தைப் பாம்புக்கடிக்கே ஒதுக்கினோம். முத்திரைப் புடையன் வயலிலும் வரம்பிலும் கடிக்கும். கண்டங்கருவளை இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் உறங்குபவரைக் கடிக்கும். அக்கடி பெரும்பாலும் வலிக்காது. வயிற்றுவலி, கண்ணிமை தொங்குதல், விழுங்க முடியாமை என்று தொடங்கி மூச்சுத் தசைகள் செயலிழக்கும் வரை போகும். ஆகவே எவரும் வெறுந்தரையில் உறங்கவில்லை. பாய்க்குக் கீழே விளிம்பைச் செருகிய நுளம்புவலைக்குள்ளேயே உறங்கினார்கள். ரோச் லைற் இன்றி இரவில் ஓரடியும் வைக்கவில்லை. கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்தல், காப்பையும் மோதிரத்தையும் கழற்றுதல், கீறாமலும் உறிஞ்சாமலும் இறுக்கிக் கட்டாமலும் 1990 அவசர நோயாளர் காவு வண்டிச் சேவைக்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் ஆகியவற்றைப் பிள்ளைகள் நடித்துப் பழகினர். கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடத்தில் உறைகின்றதா என்று வைத்தியசாலையில் ஏன் பார்க்கின்றார்கள் என்பதைத் தாதிய உத்தியோகத்தர் விளக்கினார். எமது ஊர்களில் விஷகடி வைத்தியம் பார்த்த பரம்பரைகள் உண்டு. அவர்கள்பால் எமக்குள்ள மதிப்புக் குறையவில்லை. எனினும் பாம்பின் நஞ்சை முறிக்கும் ஊசி மருந்து வைத்தியசாலையில்தான் உள்ளது. முதற் பயணம் அங்கேதான் இருக்க வேண்டும். இப்பயிற்சியை முகாமுக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்கும் கொண்டுசெல்ல வேண்டுமென்பது எனது தாழ்மையான வேண்டுகோள்.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய தாய்மாரோடு வீடு வீடாகச் சென்று பேசினோம். அவர்களுக்குத் தனியான உறங்குமிடமும் கழிப்பிடமும் வெளிச்சமும், இரவு முழுவதும் இரு பெண் தொண்டர்களின் காவலும் இருந்தன. பங்குபற்றிய பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்பிள்ளைகள். குதிரைகளிடம் பொறுமையாக நடந்துகொள்வதில் அவர்கள் முன்னணியில் இருந்ததைப் பயிற்றுநர்கள் அனைவரும் குறிப்பிட்டுள்ளனர். தயங்கிய தாய்மார் சிலர் கடைசி நாளில் தாமே கடிவாளத்தைப் பிடித்து நடத்திப் பார்த்தனர்.

அடுத்த ஆண்டுக்கான நிருவாக சபையின் பிரேரணைகளை இனி முன்வைக்கின்றேன். பிள்ளைகளின் தொகையை இருமடங்காக்க வேண்டுமென்று பலர் கேட்கின்றனர். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு குதிரை என்ற அளவைத் தாண்டினால் பிள்ளை வரிசையில் நிற்கப் பழகுமேயன்றிக் குதிரையைப் பழகாது. ஆகவே தொகையைக் கூட்டாமல், டிசம்பர் விடுமுறையில் மழை இடங்கொடுத்தால், குதிரையில்லாத ஒரு வெளிக்கள முகாமை மற்றப் பிள்ளைகளுக்கு நடத்தலாம் என்று முன்மொழிகின்றோம். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் பிள்ளைகளைக் கொண்டு குதிரையோட்டம் வைக்கும் யோசனையை நிருவாக சபை ஏற்கவில்லை. நடை ஓட்டப் பழகிய பிள்ளையை ஒலிபெருக்கிச் சத்தத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே ஓடவிடுவது பிள்ளைக்கும் விலங்குக்கும் கேடு. நன்கொடையாளர் ஒருவர் தர முன்வந்துள்ள தொகையை மேடை கட்டுவதற்குச் செலவிடாமல், குதிரையேற்றத்துக்கென்றே செய்யப்பட்ட தலைக்கவசங்களை வாங்கப் பயன்படுத்த அவரது இணக்கத்தைப் பெற்றுள்ளோம். மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் பாரமானது. சிறு கழுத்துக்கு ஏற்றதன்று. மேட்டுநிலத்தின் தென்மேற்கு எல்லையில் காற்றை மறிக்க மருதும் வேம்பும் நடுவதற்கும், வாய்க்காலோரம் ஒரு துண்டு நிலத்தில் அறுகு வளர்ப்பதற்கும் கமக்காரர் அமைப்பு உடன்பட்டுள்ளது. முகாமுக்கு முன் நிலத்தின் கையளிப்புப் பத்திரங்களை ஆண்டுதோறும் மறுபடியும் சரிபார்ப்பதை யாப்பிலேயே ஒரு விதியாகச் சேர்க்க வேண்டுமென்ற திருத்தமும் உங்கள் முன் உள்ளது. இதனை விவாதமின்றி நிறைவேற்றித் தருமாறு தனிப்பட்ட முறையிலும் கேட்டுக்கொள்கின்றேன்.

சமைத்த தாய்மாருக்கும், இரவுக் காவல் இருந்த இளைஞர்களுக்கும், கட்டணமின்றிக் கற்பித்த ஆசிரியர்களுக்கும், அழைத்த நேரத்தில் வந்த கால்நடை வைத்தியருக்கும், குதிரைகளை எம்மை நம்பித் தந்த உரிமையாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கின்றேன். முகாம் பதிவேடும், பிள்ளைகள் எழுதிய குதிரைக் குறிப்பேடுகளும், காணிப் பத்திரங்களின் பிரதிகளும் பார்வைக்காக மேசையில் வைக்கப்பட்டுள்ளன. அடுத்த முகாமுக்கான விண்ணப்பங்கள் வைகாசி மாதம் முதல் வாசிகசாலையில் பெற்றுக்கொள்ளப்படும். இம்முறை இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு முதலிடம் வழங்கப்படும்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கின்றேன்.

செயலாளர்